ஜீப் டயரின் பழுப்பு போன கதை

என் ஜீப்பின் டயர்கள் செம்பழுப்பாக மாறியபோது பார்த்தவர்கள் எல்லாரும், "சேறுண்ணே, நல்லா கழுவுங்க" என்றார்கள். திருத்துறைப்பூண்டிப் பக்கம் செம்மண்ணுக்கு எங்கே போவது? எங்கள் வயல் சேறு கருங்களி. டயர் பட்டன்களுக்கு நடுவில் அப்பிக்கொண்டு, காய்ந்தால் சாம்பல் நிறத்தில் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். இந்தப் பழுப்போ பக்கச் சுவரில், எழுத்துகளைச் சுற்றிப் படிந்திருந்தது. தண்ணீர் ஊற்றினால் டயர் கறுத்துவிடும். காய்ந்ததும் மறுபடி பழுப்பு.

இது ரப்பருக்குள்ளிருந்தே வருவது. காற்றிலுள்ள ஓசோன் பட்டால் ரப்பர் வெடிப்பு விடும். அதைத் தடுக்க, டயர் செய்யும்போதே கலவையில் ஒரு ரசாயனத்தைச் சேர்க்கிறார்கள். பெரும்பாலும் 6பிபிடி என்பது. கொஞ்சம் மெழுகும் உண்டு. வண்டி ஓடி டயர் வளைந்து நிமிர நிமிர இவை மெல்ல மேலே கசிகின்றன. ஓசோன் ரப்பரைத் தொடுவதற்குள் 6பிபிடி அதை வாங்கிக்கொள்கிறது. அப்படி வாங்கிக்கொண்டதுதான் பழுப்பாகத் தெரிகிறது. டயருக்கு ஒன்றும் ஆகவில்லை, பார்க்கத்தான் அசிங்கம். டிராக்டர் டயரிலும் இதே கதைதான், அதை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

மேலே தடவும் எண்ணெய்ப் பசை பாலிஷ் இந்தப் பழுப்பைக் கூட்டிவிடும். இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. வாட்டர் வாஷுக்கு விட்ட ஓர் இடத்தில் கேட்காமலேயே பளபளவென்று எதையோ பூசி அனுப்பினார்கள். ஒரே டீசல் வாடை. வீடு வந்து சேர்வதற்குள் வாய்க்கால் கரைப் புழுதி மொத்தமும் அதில் ஒட்டிக்கொண்டது. டீசலும் மண்ணெண்ணெயும் ரப்பரை ஊற வைத்து இளக்கிவிடும். யாராவது தடவ வந்தால் கையைப் பிடித்துத் தடுங்கள்.

சரி, செய்த வேலைக்கு வருகிறேன். காலையிலேயே வண்டியை வேப்பமர நிழலில் நிறுத்தினேன். டயர் சூடாக இருந்தால் போட்ட மருந்து தேய்ப்பதற்குள் காய்ந்துவிடும். முதலில் களியை எடுக்க வேண்டும். காய்ந்த களியைச் சுரண்டுவதைவிடக் கொஞ்ச நேரம் ஊற வைப்பது சுலபம். அப்புறம் பிரஷர் பம்பைப் பிடித்தால் தானாகக் கழன்றுவிடும். பம்பு முனையை ரப்பருக்கு ரொம்பக் கிட்டே கொண்டுபோகக் கூடாது, சுவரைக் கிழித்துவிடும்.

அடுத்து டயர் கிளீனர். கடையில் காரத்தன்மை உள்ள டயர் கிளீனர் என்று கேட்டால் கொடுப்பார்கள். பாத்திரச் சோப்புக்கு இந்தப் பழுப்பு அசையாது. ஒரு டயரில் மட்டும் அடித்து, கொஞ்சம் ஊற விட்டு, துணி துவைக்கும் முரட்டு நைலான் பிரஷால் தேய்த்தேன். கம்பி பிரஷ் வேண்டாம். முதலில் வந்த நுரை கும்பகோணம் டிகாக்‌ஷன் நிறம். அலசிவிட்டு மறுபடி அடித்துத் தேய்த்தால் நிறம் கொஞ்சம் வெளுக்கிறது. நுரை வெள்ளையாக வரும்வரை விடக் கூடாது, கணக்கு அவ்வளவுதான். பாதியில் நிறுத்தினால் காய்ந்ததும் திட்டுத்திட்டாகத் தெரியும். எங்கள் ஆஃப்ரோடு டயர்களில் பக்கச் சுவரிலும் பட்டன் இருப்பதால், அந்த மூலைகளுக்கு ஒரு பழைய பல் பிரஷ். கிளீனர் அலாய் வீலில் காய்ந்தால் கறை விழும், அதையும் உடனுக்குடன் அலச வேண்டும்.

எங்கள் போர் தண்ணீர் உப்பு. அதிலேயே கடைசி அலசலையும் முடித்தால் கறுத்த டயரில் வெள்ளை பூக்கும். ஆகவே கடைசிக்கு மட்டும் நல்ல தண்ணீர். வாய்க்காலில் இறக்கிக் கழுவலாமே என்று மச்சான் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்து ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்கள் கூட்டமாகச் செத்ததற்கு, டயர் தூளிலுள்ள இந்த 6பிபிடி ஓசோனோடு சேர்ந்து மாறிய பொருள்தான் காரணம் என்று 2020-ல் கண்டுபிடித்தார்கள். நம்மூர் விராலிடம் அதைச் சோதித்துப் பார்க்க எனக்கு ஆசையில்லை.

நன்றாகக் காய்ந்த பிறகு, தண்ணீர் அடிப்படையிலான டயர் டிரெஸ்ஸிங்கை ஸ்பாஞ்சில் எடுத்து மெல்லிசாகப் பூசி, மிச்சத்தைத் துடைத்துவிட்டேன். மினுமினுப்பு இருக்காது, கறுப்பு இருக்கும். ரோட்டில் படும் பகுதியில் பூசவே கூடாது, வழுக்கும்.

பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னியையும் கழற்றித் தேய்த்தேன். பழுப்பு போனதும் அடியில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தன. ஓடாத டயரில் மெழுகு அவ்வளவாக மேலே வராது, வெயிலும் ஒரே பக்கத்தில் அடிக்கிறது. பக்கச் சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரமும் வருடமும்: 2317 என்றால் 2017-ன் 23-வது வாரம். என் ஸ்டெப்னியில் இருந்ததைப் படித்துவிட்டு, அதைத் திரும்ப மாட்டாமல் டயர் கடைக்கு எடுத்துப் போனேன்.