இறங்கி வந்த கால்களுக்கு: அன்னபூர்ணா முடித்துப் பொக்காராவில் ஒரு மசாஜ்

மலைக்குப் போகிறேன் என்று சொன்னால் எல்லாரும் ஏற்றத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். மூச்சு வாங்குமா, தலை வலிக்குமா, ஆக்சிஜன் போதுமா. நேபாளத்தில் இருக்கும் அன்னபூர்ணா பேஸ் கேம்ப் (அன்னபூர்ணா மலையின் அடிவார முகாம்) போய்விட்டு வந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், காலைப் பதம் பார்ப்பது இறக்கம்தான். 4,130 மீட்டர் உயரத்தில் இருக்கும் பேஸ் கேம்ப்பிலிருந்து 1,780 மீட்டரில் இருக்கும் ஜினு டாண்டா என்ற ஊருக்கு நிறையப் பேர் இரண்டே நாளில் இறங்கிவிடுகிறார்கள். கிட்டத்தட்ட 2,350 மீட்டர் இறக்கம், அதில் பல இடங்களில் முட்டியை அடித்து நொறுக்கும் கல்படிகள். அது போதாதென்று சோம்ரோங் ஊருக்குக் கீழே ஓடையைத் தாண்டியதும் ஊர் வரைக்கும் செங்குத்தாக மறுபடி ஏற வேண்டும், ஏறி முடித்து ஒரு டீ குடித்ததும் ஜினுவுக்கு இன்னொரு செங்குத்தான இறக்கம்.

ஏறும்போது தொடைத்தசை சுருங்கி நம் உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பிரேக் போட வேண்டியிருக்கிறது. இப்படி நீண்டபடி பாரம் தாங்கும்போதுதான் தசை இழைகளில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன, அந்த இடத்தைச் சரிசெய்ய உடம்பு ஆள் அனுப்புகிறது, வீக்கமும் வலியும் வருகின்றன. அந்த வலி உடனே வராது என்பதுதான் விஷயம். இறங்கிய அன்று சமாளித்துவிடலாம். 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். "அக்கா, கட்டில்ல இருந்து எழுந்திருக்க முடியலை, கையைக் குடு" என்று என் தங்கை சொன்னது மலையில் இல்லை, நடை முடிந்து திரும்பும் பொக்காரா நகரத்தில் மெத்தென்ற படுக்கையில் ஒரு இரவு தூங்கி எழுந்த பிறகு.

ஜினுவில் வெந்நீர் ஊற்று இருக்கிறது. ஊரிலிருந்து காட்டு வழியாக இன்னும் கொஞ்சம் இறங்கினால் மோதி கோலா ஆற்றங்கரையில் கல் தொட்டிகள். பக்கத்திலேயே பனி உருகிய ஆறு இரைந்து ஓடுகிறது, நீங்கள் கழுத்தளவு சுடுதண்ணீரில் உட்கார்ந்திருக்கிறீர்கள். இறுகிப்போன இடுப்பும் கெண்டைக்கால் சதையும் அங்கேயே பாதி இளகிவிடும். அவசரப்பட்டு அன்றைக்கே ஜீப் பிடித்துப் பொக்காரா போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஒரு இரவு தங்குங்கள்.

சரி, மசாஜுக்கு வருகிறேன். பொக்காராவின் லேக்சைடு தெருவில் நாலு எட்டுக்கு ஒரு மசாஜ் பலகை தொங்கும். பேவா ஏரிக்கரையை ஒட்டிய அந்தத் தெருவே மலையிலிருந்து நொண்டிக்கொண்டு வருகிறவர்களை நம்பித்தான் ஓடுகிறது என்று தோன்றும். வந்த அன்று மாலையே தங்கை ஒரு கடைக்குள் போனாள். அங்கே இருந்த ஆள் எங்கே வலிக்கிறது, எத்தனை நாள் நடந்தாய், எதுவுமே கேட்காமல் முழங்கையை வைத்துத் தொடையில் அழுத்தியிருக்கிறார். வலிக்கிறது என்று சொன்னதற்கு, வலித்தால்தான் நல்லது என்று பதில். மறுநாள் இரண்டு தொடையிலும் நீலம் பூத்திருந்தது. ஏற்கெனவே கிழிசல் விழுந்திருக்கும் தசையை இப்படி நசுக்குவது வைத்தியமே இல்லை. எனக்கு அதில் இன்னும் கோபம் இருக்கிறது.

அடுத்த நாள் மாலை இரண்டு பேரும் சீயிங் ஹேண்ட்ஸ் என்ற இடத்துக்குப் போனோம். பார்வையற்றவர்களுக்கு மசாஜ் தொழிலை முறையாகக் கற்றுக்கொடுத்து, அந்த வேலையிலேயே அவர்களை அமர்த்தும் அமைப்பு இது, காத்மாண்டில் தமேல் பகுதியிலும் நடத்துகிறார்கள். நேபாளத்தில் பார்வை இல்லாதவர்களுக்குச் சம்பளத்தோடு வேலை கிடைப்பது சுலபம் இல்லை, அதனால் அங்கே கொடுக்கிற பணம் சரியான இடத்துக்குப் போகிறது என்ற திருப்தி ஒருபக்கம். ஆனால் அதற்காக மட்டும் போக வேண்டியதில்லை, அவர்கள் தொழிலில் அவ்வளவு தெளிவு.

எனக்குச் செய்த தீதி (நேபாளியில் அக்கா) முதலில் எண்ணெயைத் தொடவே இல்லை. எந்த வழியாக இறங்கினீர்கள், காலில் கொப்புளம் உண்டா, எங்காவது சுளுக்கா, ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறதா, ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று இந்தியும் ஆங்கிலமும் கலந்து வரிசையாகக் கேட்டார். அப்புறம் இரண்டு உள்ளங்கையையும் தொடையில் வைத்து, சும்மா ஒரு சுற்று தடவிப் பார்த்தார். வலது முட்டிக்கு மேலே வெளிப்பக்கத்தில் கை நின்றது. "ஒரே கம்போட இறங்கினீங்களா?" என்றார். ஆமாம், இன்னொரு கம்பு தங்கையிடம் இருந்தது. தொட்டதும் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு ஒரே ஆச்சரியம், தினமும் இந்த மலை இறங்கி வரும் கால்களையே தொட்டுக்கொண்டிருப்பவருக்கு அது படித்த பாடம் மாதிரி ஆகியிருக்க வேண்டும்.

முதல் பதினைந்து நிமிடம் போல நீளமாக உருவிவிட்டார், கணுக்காலிலிருந்து மேல்நோக்கி, எப்போதும் இதயம் இருக்கும் திசையில். அழுத்தமே இல்லை. சதை சூடான பிறகுதான் பிசையத் தொடங்கினார், அதுவும் கெண்டைக்காலில் நிதானமாக, தொடையின் முன்பக்கத்தில் இன்னும் மெதுவாக. வலியைப் பத்துக்கு எவ்வளவு என்று அடிக்கடி கேட்டார், "ஆறைத் தாண்டினா உடனே சொல்லுங்க." முன்னங்கால் எலும்பு மேலே விரலே படவில்லை. கடைசியில் உள்ளங்காலில் குதிகாலிலிருந்து விரல் வரைக்கும் கட்டை விரலால் வழித்துவிட்டபோதுதான் அந்தக் கால்கள் என்னுடையவை என்று மறுபடி தோன்றியது. படியில் இறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடிக்கவில்லை.

மசாஜ் செய்தால் லாக்டிக் அமிலம் வெளியேறும் என்று எல்லாக் கடைகளிலும் சொல்வார்கள். அது உண்மை இல்லை. நடையை நிறுத்திய ஒன்றிரண்டு மணி நேரத்தில் உடம்பே அதைச் சரிசெய்துகொள்ளும், மூன்றாம் நாள் வலிக்கும் அதற்கும் தொடர்பு கிடையாது. 2012இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 11 இளைஞர்களைச் சோர்ந்துபோகும் வரை சைக்கிள் மிதிக்க வைத்து, ஒரு காலுக்கு மட்டும் 10 நிமிடம் மசாஜ் செய்து, இரண்டு காலிலிருந்தும் துளி சதை எடுத்துச் சோதித்தார்கள். லாக்டிக் அமில அளவில் வித்தியாசமே இல்லை, ஆனால் மசாஜ் செய்த காலில் அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகள் குறைந்திருந்தன. 2018இல் 99 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு பெரிய அலசலிலும், இந்தத் தாமதமான தசைவலிக்கும் அசதிக்கும் ஐஸ் தண்ணீர், இறுக்கமான உறை, நீட்சிப் பயிற்சி எல்லாவற்றையும் விட மசாஜே அதிகம் உதவுகிறது என்று தெரிந்தது. ஆக பலன் இருக்கிறது, காரணம்தான் வேறு.

ஒன்றை மட்டும் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, சிவந்து, தொட்டாலே வலித்தால் அதைப் பிடித்துவிடக் கூடாது. அது காலின் ஆழத்தில் ஓடும் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்த கட்டியாக இருக்கலாம், அமுக்கினால் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விடும் ஆபத்து உண்டு. உயரத்தில் ரத்தம் கொஞ்சம் அடர்த்தியாகும், தண்ணீரும் குறைவாகக் குடித்திருப்போம், மேலே இருந்து வந்ததும் பஸ்ஸிலோ விமானத்திலோ மணிக்கணக்காக அசையாமல் உட்காருவோம், இவை எல்லாம் சேர்ந்தால் யோசிக்க வேண்டிய விஷயம். நேராக மருத்துவரிடம் போங்கள். சிறுநீர் கோலா நிறத்தில் போனாலும் அப்படியே, தசை மோசமாகச் சிதைந்திருக்கலாம். காய்ச்சல், புதிதாகப் பிசகி வீங்கிய கணுக்கால், உடைந்த கொப்புளம் இவற்றுக்கும் மசாஜ் வேண்டாம்.

வழியில் நாமே செய்துகொள்ளவும் நிறைய இருக்கிறது. அம்மா தேங்காய் எண்ணெய் கொடுத்தனுப்பியிருந்தார், வழியில் தங்கிய தேவராலி குளிரில் அது பாட்டிலுக்குள் கல்லாகிவிட்டது. எங்களோடு வந்த சுமை தூக்கும் அண்ணன்தான் (நேபாளியில் 'தாயி') தன் கடுகெண்ணெயை நீட்டினார். அந்த நாட்டில் பிறந்த குழந்தைக்கும் பிள்ளை பெற்ற தாய்க்கும் கடுகெண்ணெய் தேய்த்துத்தான் உடம்பு நீவுகிறார்கள், குளிரில் உறையவும் உறையாது. சாப்பாட்டுக் கூடத்து அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எண்ணெயை உள்ளங்கையில் சூடுபறக்கத் தேய்த்துத் தன் முட்டியிலும் கெண்டைக்காலிலும் அவர் நீவிக்கொள்ளும் விதத்தைப் பார்த்துத்தான் நாங்கள் கற்றுக்கொண்டோம். "பிஸ்தாரை, பிஸ்தாரை" என்பார், மெதுவாக மெதுவாக என்று அர்த்தம், நடைக்கும் அதே சொல், நீவுவதற்கும் அதே சொல். எங்கள் பைகளையும் சுமந்துகொண்டு அதே படிகளில் இறங்கிய கால்கள் அவருடையவை. பொக்காராவில் அவருக்கும் மசாஜ் ஏற்பாடு செய்கிறோம் என்று தங்கை கேட்டாள், "வேண்டாம் பஹினி (தங்கச்சி), ஊருக்குப் போனால் மனைவி தேய்த்துவிடுவாள், அந்தப் பணம் பிள்ளைகள் படிப்புக்கு உதவும்" என்றார். கூலியோடு அதையும் சேர்த்துக் கொடுத்தோம். ஆள் வைத்து மலைக்குப் போகிறவர்கள் மசாஜுக்கு ஒதுக்கும் பணத்தில் இன்னொரு பங்கையும் ஒதுக்கி வைக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

போகிறவர்களுக்கு ஒரு விஷயம். அக்டோபர், நவம்பரில் மலையில் கூட்டம் இருந்தால் மசாஜ் மேசையிலும் கூட்டம் இருக்கும். பொக்காராவிலிருந்து கிளம்பும் முன்பே நேரம் சொல்லி வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும் அன்றைக்குக் கேட்காதீர்கள், மறுநாளோ அதற்கு மறுநாளோ கேளுங்கள், முதல் நாள் தண்ணீரும் சாப்பாடும் தூக்கமும் போதும். பெண்தான் செய்ய வேண்டும் என்றால் அப்போதே சொல்லிவிடுங்கள். தொளதொளப்பான ஒரு அரைக்கால் சட்டையை ஹோட்டலில் விட்டுப் போகும் பையிலேயே போட்டு வையுங்கள்.