தீர்ப்பு இருந்தது, பேரேட்டில் பெயர் இல்லை

கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் கீழ் எங்களுக்கு வயல் இருக்கிறது. அப்பா பெயரில் எல்.டி.ஓ. பெர்மிட், அதாவது காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அரச காணிக்குக் கொடுக்கும் அனுமதிப் பத்திரம். அது என் பெயருக்கு மாறுவதற்குள் நான் பட்ட பாட்டை எழுதுகிறேன். 2009இல் போர் முடிவதற்கு முன் இயக்கத்தின் (விடுதலைப் புலிகளின்) நீதிமன்றத்தில் காணி வழக்கு வென்றுவிட்டு, அந்தத் தீர்ப்பை எங்கே கொடுப்பது என்று தெரியாமல் இருப்பவர்களுக்கு இது உதவும்.

1996 இடப்பெயர்வில் மல்லாவிப் பக்கம் போனோம். அப்பா அங்கேயே காலமானார். ஊர் திரும்பியபோது சித்தப்பாவின் மகன் வயலில் இறங்கியிருந்தார். அம்மா 2003இல் போய்ச் சேர்ந்தபின், அடுத்த வருடம் வழக்குப் போட்டேன்.

இயக்கம் 1993 முதல் தனி நீதிமன்றங்களை நடத்தியது. தனிச் சட்டத்தொகுப்பும் சட்டக் கல்லூரியும் இருந்தன. எல்லாமே தமிழில். நீதிபதி என்னைவிட இளையவர், பொறுமையாகக் கேட்டார். சில மாதங்களில் எனக்குச் சார்பாகத் தீர்ப்பு வந்தது, இயக்கத்தின் காவல்துறை வந்து எல்லை காட்டிவிட்டுப் போனது. மறுபேச்சு இல்லை. மறுத்துப் பேசினால் என்ன ஆகும் என்ற பயம் ஊரில் எல்லோருக்கும் இருந்தது. அந்தப் பயம் அன்றைக்கு எனக்கு உதவியது. பிறகு அதே இயக்கம் வீட்டுக்கு ஒரு பிள்ளை கேட்டபோது, போய் முறையிட எங்களுக்கு வேறு நீதிமன்றம் இருக்கவில்லை.

போர் முடிவில் எங்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமிலிருந்து 2010இல் திரும்பினோம். சித்தப்பாவின் மகன் மறுபடி வயலுக்குள். தீர்ப்பைக் காட்டினேன். "அந்தக் கோர்ட்டே இப்ப இல்லை, பிறகென்ன தீர்ப்பு?" என்றார்.

பிரதேச செயலகத்துக்குப் போனேன். காணிப் பகுதியில் இருந்தவர் கடதாசியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "இதை வெளியில காட்டாதேங்கோ அக்கா, உங்களுக்குத்தான் கரைச்சல்" என்றார். அடுத்த முறை இருந்தவர் பெர்மிட்காரர்களின் பெயர் பதிந்த பேரேட்டைப் பார்த்தார். அப்பாவின் பெயர் அப்படியே இருந்தது, பின்னுரித்தாளர், அதாவது அவருக்குப் பின் காணியைப் பெறுபவர், என்ற இடம் வெறுமை. "அப்படியென்றால் மூத்த ஆண் பிள்ளைக்குத்தான். அண்ணாவை வரச் சொல்லுங்கோ." அண்ணா தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே கனடா போனவர்.

எனக்கு இன்றும் ஆறாதது இதுதான். கச்சேரி (மாவட்டச் செயலகம்), பிரதேச செயலகம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் இயக்கத்தின் பகுதிக்குள்ளேயே கொழும்புச் சம்பளத்தில் இயங்கின. பேரேடு இருந்த கட்டடத்துக்கும் தீர்ப்புச் சொன்ன கட்டடத்துக்கும் நடந்து போகிற தூரம்தான். ஆனால் இந்தத் தீர்ப்பு அந்தப் பேரேட்டில் ஏற வழியே இருக்கவில்லை. இரண்டு அரசாங்கத்துக்கும் கீழே இருந்த நாங்கள்தான் அதற்கு நடுவில் அகப்பட்டோம்.

அப்புறம் வந்ததெல்லாம் வீண் அலைச்சல். ஜி.எஸ். (கிராம சேவையாளர்) கடிதம் ஒரு வருடம் பழையது என்று திருப்பினார்கள். உத்தியோகத்தர் கூட்டத்துக்குப் போய்விட்டார் என்றார்கள். அண்ணா அனுப்பிய விட்டுக்கொடுப்புக் கடிதத்தில் தூதரக முத்திரை இல்லை என்றார்கள்.

போருக்குப் பிந்திய அரச காணிப் பிரச்சினைகளுக்காக 2013இல் ஒரு சுற்றறிக்கை வந்தது. அதன் கீழ் நடந்த காணிக் கச்சேரி என்ற விசாரணையில் ஓய்வுபெற்ற காணி உத்தியோகத்தர் ஒருவர் என் கோப்பைப் பார்த்தார். காணி அபிவிருத்திச் சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது, பெர்மிட்காரரோ அவருக்குப் பின் அனுபவித்த துணையோ இறந்து ஆறு மாதத்துக்குள் காணிக்கு வந்து பொறுப்பெடுக்காத பின்னுரித்தாளரின் உரிமை அற்றுப்போகும், அடுத்தவருக்குப் போகும் என்றார். அண்ணா இங்கே இல்லை என்று காட்ட அவருடைய பாஸ்போர்ட் பிரதி போதும். அம்மா இறந்த திகதிக்கு மரணச் சான்றிதழ். இயக்கத்தின் பகுதியாக இருந்த வன்னிக்குள்ளும் அரச பதிவாளரே பதிந்திருந்ததால் அதன் பிரதி சிரமமில்லாமல் கிடைத்தது.

எதிர்த்தரப்பு இத்தனை வருடம் ஆண்ட உரிமை என்று வாதிட்டது. எத்தனை வருடம் இருந்தாலும் அரச காணியில் ஆட்சியுரிமை கிடைக்காது. அது அங்கேயே முடிந்தது.

2015இல் பெர்மிட் என் பெயருக்கு வந்தது. இயக்கத் தீர்ப்பை நான் எந்த இடத்திலும் ஆதாரமாகக் கொடுக்கவில்லை. நீங்களும் அதை நம்பி மனுப் போடாதீர்கள். விதை நெல் பற்றுச்சீட்டு, கமக்காரர் அமைப்பின் பதிவு, குளத்துத் தண்ணீர்ப் பட்டியல் என்று நீங்கள் அங்கே இருந்ததைக் காட்டும் அரச கடதாசிகளைத் தேடுங்கள். எதைக் கொடுத்தாலும் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். பேரேட்டை உங்கள் கண்ணால் பாருங்கள், வாய்ச்சொல்லை நம்பவேண்டாம்.

மகனுக்கே முதலிடம் என்ற அந்த வரிசையை 2022 திருத்தம் நீக்கிவிட்டது. இப்போது போகிறவர்களிடம் பழைய கதை சொன்னால் அந்தத் திருத்தத்தைக் காட்டுங்கள். நான் என் மகளைப் பின்னுரித்தாளராகப் பதிவித்து, பதிந்ததற்கான பிரதியையும் அன்றைக்கே கேட்டு வாங்கிக்கொண்டேன்.