கழுத்துக்குப் பின்னால்

ஜனவரி 9

கம்பியை வளைத்து, அலுமினியத் தாளை இறுக்கிச் சுற்றி, தாய்-சேய் மார்பளவுச் சிலைக்கான தலையின் உட்கூட்டைச் செய்து முடித்தேன். பத்தில் ஒரு பங்கு அளவு என்பதால் தாயின் தலை உச்சி முதல் முகவாய் வரை இரண்டே கால் சென்டிமீட்டர்தான் வரும். குழந்தையின் தலை கொண்டைக்கடலையைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். எதிர்ச் சுவரில் ஒட்டியிருப்பது நூலகத்துப் பழைய புத்தகத்திலிருந்து பிரதியெடுத்த கறுப்பு வெள்ளைப் படம். அதன் கீழே, ஆர்க்டிக் பகுதிப் பழங்குடியினரான இனுவிட் மக்கள் இன்று ஏற்காத பழைய இனப்பெயரைப் போட்டு, ‘தாயும் சேயும்’ என்று மட்டும் அச்சிட்டிருக்கிறார்கள். அவள் பெயர் இல்லை.

ஜனவரி 10

தங்கையின் குறைமாதக் குழந்தை இன்று 1,060 கிராம். நேற்றைவிட 20 கிராம் கூடியிருக்கிறது.

ஜனவரி 13

மூன்று நாள் வேலையைப் பிய்த்தெறிந்தேன். முகத்தில் குறை இல்லை, கழுத்துதான் தவறு. யாரையும் சுமக்காத ஒருத்தியின் கழுத்தாக அது நேராக நின்றது. அமௌதி என்ற இனுவிட் மேலங்கியை அணிந்த தாயின் முதுகில் குழந்தை இருக்கிறது. மேலங்கியின் பின்புறத்தில் குழந்தைக்கென்றே பை வைத்துத் தைத்திருப்பார்கள். குழந்தை நழுவாதபடி அதன் அடியில் இடுப்பைச் சுற்றி ஒரு கச்சை இழுத்துக் கட்டப்படும். தொப்பி அத்தனை பெரிதாக இருப்பது தாய்க்காக மட்டும் அன்று, பின்னாலிருக்கும் தலைக்கும் சேர்த்துத்தான். தோள்களும் வேண்டுமென்றே அகலமாக வெட்டப்படுகின்றன. குளிரில் அங்கியைக் கழற்றாமலே குழந்தையை உள்ளுக்குள் முன்பக்கம் திருப்பிப் பாலூட்டலாம். மார்பளவுச் சிலையில் கச்சை தெரியாது, பையின் பெரும்பகுதியும் தெரியாது. ஆகவே அந்தச் சுமை முழுவதையும் கழுத்தின் சாய்விலும் தோளின் இறக்கத்திலும் மட்டுமே காட்டியாக வேண்டும். கம்பியை ஒரு நெல்மணி அகலம் முன்னே வளைத்தேன். அவ்வளவுதான், அவள் உடனே எதையோ சுமக்கத் தொடங்கிவிட்டாள்.

முன்பெல்லாம் அந்தக் குழந்தைக்கும் தாயின் முதுகுக்கும் நடுவில் துணி ஏதும் இருந்ததில்லையாம். தோலோடு தோல்.

ஜனவரி 14

மருத்துவமனையில் குழந்தையை வைத்திருக்கும் இன்குபேட்டர் பெட்டியின் பக்கத் துளை வழியாகத் தங்கை ஒரு விரலை மட்டும் நீட்டினாள். குழந்தை அதைப் பிடிக்கவில்லை.

ஜனவரி 17

மருத்துவமனையிலிருந்து நேராக வின்னிபெக் கலைக்கூடத்துக்குப் போனேன். 2021-இல் திறக்கப்பட்ட அதன் இனுவிட் கலை மையமான கவுமாயுக்கில், மாடிகளைத் தாண்டி எழும் கண்ணாடிச் சுவருக்குள் ஆயிரக்கணக்கான கற்சிற்பங்கள் நிற்கின்றன. நான் தேடிப் போனது இனுவிட் சிற்பி ஜான் டிக்டாக்கை. அவர் கனடாவின் வடக்கே ராங்கின் இன்லெட் என்ற ஊரில் வாழ்ந்தவர், நிக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 1970-இல் இதே நகரின் மானிடோபா பல்கலைக்கழகத்தில் அவருடைய சிற்பங்களுக்கு மட்டுமாகக் கண்காட்சி நடந்தது. தாயையும் சேயையும் அவர் திரும்பத் திரும்பச் செதுக்கினார். கண்ணுக்கும் வாய்க்கும் சில கோடுகள் போதும் அவருக்கு. ஆனால் தாய் எங்கே முடிகிறாள், குழந்தை எங்கே தொடங்குகிறது என்று கல்லில் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நானோ இரண்டையும் தனித்தனியாகச் செய்து பிறகு ஒட்டத் திட்டமிட்டிருந்தேன். அதைக் கைவிட்டுவிட்டேன்.

ஜனவரி 18

1,040. குறைந்துவிட்டது. இன்று களிமண்ணைத் தொடவில்லை.

ஜனவரி 20

தொப்பி விளிம்பின் மயிரை, இறுகிப் போகும் பிசின் மாவான எப்பாக்ஸியின் தனித் துண்டில் பழகிப் பார்த்தேன். ஊசியை ஈரப்படுத்தி, வேரிலிருந்து நுனிக்கு ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். இரண்டாம் முறை தொட்டால் மயிர் கயிறாகிவிடுகிறது. கரிபூ மானின் மயிர் உள்ளே காற்று நிறைந்தது; வெப்பத்தைக் காப்பது அந்தக் காற்றுதான்.

1,050.

ஜனவரி 21

அவள் பெயர் என்னவாக இருக்கும் என்ற எண்ணம் விடவில்லை. கனடாவின் தேசிய ஆவணக் காப்பகம் 2002-இல் தொடங்கிய ஒரு பணியில், பெயரில்லாத பழைய படங்களை வடக்கே ஊர்களுக்குக் கொண்டுபோய் முதியோரிடம் காட்டி, படத்தில் இருப்பவர் இன்னார் என்று கேட்டு எழுதுகிறார்கள். என் சுவரிலிருக்கும் படத்தையும் யாரேனும் பார்த்து ‘இது என் பெரியம்மா’ என்று சொல்லியிருக்கக்கூடும் என்று நம்ப விரும்புகிறேன்.

இனுவிட் மரபில் இறந்தவரின் பெயரைப் பிறக்கும் குழந்தைக்கு இடுவார்கள். பெயரோடு உறவும் வந்து சேர்ந்துவிடும். பாட்டியின் பெயர் இடப்பட்ட மகளை, அவளைப் பெற்ற தாயே ‘அம்மா’ என்று அழைப்பதுண்டு. பெயர்த்தி என்ற நம் சொல்லை இத்தனை நாள் எவ்வளவு கவனமின்றிச் சொல்லி வந்திருக்கிறேன்! அம்மாவின் பெயரை வைப்பதா என்று தங்கை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பெட்டியில் ஒட்டியிருக்கும் அட்டையில் தங்கையின் பெயரும் ‘பெண் குழந்தை’ என்பதும்தான் இருக்கின்றன.

ஜனவரி 23

குழந்தையின் முகம் வரவில்லை. குழாயும் ஒட்டுப்பட்டையும் இல்லாமல் அந்த முகத்தை நான் இதுவரை பார்த்ததே இல்லை.

ஜனவரி 24

வரவில்லை.

ஜனவரி 26

கண்களை மூடிவிட்டேன். முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, களிமண் மென்மையாக இருக்கும்போதே கன்னத்தைத் தாயின் பிடரியில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். கன்னம் சற்றே நசுங்கி, வாய் ஓரத்தில் ஒரு மடிப்பு தானாக விழுந்தது. நான் அதைத் திருத்தவில்லை. அடுப்பு 130 பாகைக்கு ஏறிக்கொண்டிருந்தபோது தங்கை மருத்துவமனையிலிருந்து அழைத்தாள். “அக்கா, நாளைக்குக் காலையில் என் நெஞ்சில் வைக்கப் போகிறார்களாம்” என்றாள். பிறகு அம்மாவின் பெயரைச் சொல்லி, அவள் இன்று 1,110 கிராம் என்றாள்.