இரண்டு புள்ளியும் ஒரு குறைந்த எழுத்தும்

மந்திரம் சொல்லத் தொடங்கிய புதிதில், ‘நம:’ என்பதில் கடைசியாக வரும் அந்த இரண்டு புள்ளியைப் பார்த்தாலே எனக்குக் குழப்பம். அதற்கு விசர்க்கம் என்று பெயர். மூச்சோடு வெளியேறும் மெல்லிய ஹகாரம், அதனால்தான் காதில் ‘நமஹ’ என்று விழுகிறது. ‘நம்’ என்ற சமஸ்கிருத வேருக்கு வளைதல், வணங்குதல் என்று பொருள். ‘சிவாய’ என்பதன் ஈறு நம்முடைய ‘கு’ உருபு மாதிரி, ஆக சிவனுக்கு வணக்கம், அவ்வளவுதான். ராமாய, நாராயணாய எல்லாம் இதே கதை. இது பிடிபட்டதும் அர்ச்சனையில் பாதி தானாகப் புரிய ஆரம்பித்துவிட்டது.

என்னை ரொம்ப நேரம் உட்கார வைத்தது காயத்ரி மந்திரம்தான். ரிக் வேதம், மூன்றாம் மண்டலம், 62-ஆம் சூக்தம், 10-ஆவது மந்திரம். காயத்ரி என்பது ஒரு சந்தத்தின் பெயரும்கூட: எட்டெட்டு எழுத்தாக மூன்று அடி, மொத்தம் 24, மெய்யெழுத்தை எண்ணக் கூடாது (எழுத்தெண்ணிப் பாடும் கட்டளைக் கலித்துறைச் செய்யுள் படித்தவர்களுக்கு இது பழகிய கணக்கு). ஆனால் மந்திரத்தை விரல்விட்டு எண்ணினால் 23தான் வருகிறது! முதல் அடியில் வரும் ‘வரேண்யம்’ என்பதை ‘வரேணியம்’ என்று விரித்தால் சரியாகிவிடும். முன்னால் சொல்லும் ‘பூர் புவ ஸுவ’ இந்தக் கணக்கில் சேராது.

அப்புறம் அதில் வரும் ‘ந:’. ‘நம்முடைய’ என்று அர்த்தம். என் புத்தியைத் தூண்டு என்று இல்லை, நம் புத்தியை. இத்தனை நாள் எனக்காக மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

உச்சரிப்புக்கு மட்டும் தமிழ் எழுத்தை நம்பாதீர்கள், ஒரே ‘க’ சமஸ்கிருதத்தில் நான்கு ஒலி. முதலில் காதால் கேளுங்கள்.