ஓடுபாதையை எடுக்கும் முன்

கால்பந்தும் தடகளமும் சேர்ந்த ஓர் அரங்கைப் புதுப்பிக்கிறார்கள் என்றால், 'ஓடுபாதையை எடுத்துவிடலாம்' என்ற பேச்சுதான் முதலில் வருகிறது. கேட்கும்போதெல்லாம் மனசு கனத்துப்போகிறது.

கால்பந்து ரசிகர்களின் குறை நியாயமானதுதான். 400 மீட்டர் பாதைக்குள் 105க்கு 68 மீட்டர் ஆடுகளத்தைப் போட்டால், கோல் கோட்டிலிருந்து எட்டாவது தடத்தின் வெளிவிளிம்புக்கே சுமார் 36 மீட்டர். இருக்கைகள் அதற்கும் பின்னால். பந்து கோட்டைத் தாண்டியதா என்பதே தெரியாது. மூலைக்கொடியில் கதை நேர்மாறு. கொடிக்கும் பாதைக்கும் நடுவே ஒரு மீட்டர்தான். கார்னர் அடிக்க ஓடிவருபவரின் முதல் அடிகள் ஓடுபாதையில்தான் விழும். அங்கே செயற்கைப் புல் விரித்துச் சமாளிப்பார்கள்.

பாரிஸ் அருகே 1998 உலகக் கோப்பைக்குக் கட்டிய ஸ்டாட் து ஃபிரான்ஸில் கீழ்வரிசை இருக்கைகளே பின்னால் நகர்ந்து பாதைக்கு இடம் விடும்! செலவு அதிகம், சரி. மான்செஸ்டரில் 2002 காமன்வெல்த் போட்டி முடிந்ததும் பாதையைப் பெயர்த்து, தரையைத் தோண்டிக் கால்பந்துக்குக் கொடுத்தார்கள். ஆனால் பக்கத்திலேயே சின்னத் தடகள அரங்கு ஒன்று இருந்தது.

பள்ளி நாளில் 400 மீட்டர் ஓடியவன் நான். கடைசி வளைவில் திரும்பும்போது காதில் மோதிய கூட்டத்தின் சத்தம் இன்னும் மறக்கவில்லை. பாதையை எடுப்பதானால், வேறொரு பாதையைப் போட்டுவிட்டு எடுங்கள்.