கூரையில் எங்கே பெயர் போடுவது?

அமெரிக்க மிஷன் தொடங்கிய தென்மாவட்டக் கல்லூரி ஒன்றில் சில வருடங்கள் முன்னாள் மாணவர் அலுவலகத்தைப் பார்த்துக்கொண்டேன். கல்லூரியின் பெயர் வேண்டாம், அங்கே படித்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அலுவலகம் என்றால் ஒரு மேசை, ஒரு கணினி, நான். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்களிடம் பணம் கேட்பதுதான் வேலை.

பணம் தேவைப்பட்டது கூரைக்கு. நூறு வருடம் தாண்டிய கட்டடம், மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரங்களின் மேல் சின்னச் செங்கல்லைக் குத்துவாக்கில் அடுக்கி, சுண்ணாம்புக் காரையில் பிடித்து, மேலே செங்கல் ஜல்லியைக் கொட்டி இடித்து, தட்டு ஓடு பதித்தது. இடையில் யாரோ ஒழுகலை நிறுத்துவதாக நினைத்து மேலே சிமென்ட் பூசிவிட்டார்கள். உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல், சுவருக்குள் இருந்த உத்திர நுனிகள் இற்றுப்போயிருந்தன. கொத்தனார் ஒரு நுனியைக் கையால் கிள்ளி எடுத்துக் காட்டினார், மிக்சர் மாதிரி உதிர்ந்தது.

இந்தப் படங்களையெல்லாம் நியூஜெர்சியில் ஒரு கூட்டத்தில் போட்டுக் காட்டினேன். சாப்பாடு முடிந்த நேரம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் ஒரு பெரியவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, கூரையில எங்கப்பா பேரை எங்க போடுவீங்க? ஒரு ஏசி லேப் சொல்லுங்க, மொத்தமா நானே தர்றேன்."

அன்றைக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு யோசித்தால், அவர் கேட்டதில் புதிதாக ஒன்றும் இல்லை. 1816-ல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷன், தன் விடுதிப் பள்ளிகளை நடத்தியது இப்படித்தான். அமெரிக்காவில் ஒருவர் ஒரு பையனின் வருடச் செலவை ஏற்றுக்கொண்டால், அவர் சொல்லும் பெயரைப் பையனுக்கு வைப்பார்கள். கறல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்று அந்த மிஷன் யாழ்ப்பாணத்தில் நடத்திய வட்டுக்கோட்டை செமினரியில் படித்த அறிஞர்களின் பெயர்களுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருப்பவை அப்படி வந்தவை. கறல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவர் (1857). இன்று சுவரில் கல்வெட்டு பதிக்கிறோம், அன்று ஆள் மேலேயே பதித்துவிட்டார்கள். பெரியவர் எவ்வளவோ தேவலை.

அமெரிக்கர்களிடம் பேசும்போது எனக்குக் கைகொடுத்தது எலைஹு யேல் கதை. கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் கோட்டையில் கவர்னராக இருந்து, சொந்த வியாபாரத்தில் கொழித்து, 1692-ல் பதவி பறிக்கப்பட்டவர். 1718-ல் பாஸ்டனிலிருந்து காட்டன் மேதர் என்ற பாதிரியார் அவருக்குக் கடிதம் எழுதினார்: கனெக்டிகட் கல்லூரிக்கு உங்கள் பெயரை வைத்தால் அது எகிப்துப் பிரமிடைவிட மேலாக நிற்கும் என்று. அதுதான் இன்றைய யேல் பல்கலைக்கழகம். நன்கொடைக் கடிதம் என்றால் இதுதான். யேல் ஒன்பது பொதி சரக்கும், புத்தகங்களும், ராஜா படமும் அனுப்பினார். சரக்கை விற்றதில் 562 பவுண்டு வந்தது. "மதராஸில் சேர்த்த பணத்தில் உங்களுக்கு ஒரு யேல் கிடைத்தது, எங்களுக்கு ஒரு கூரை" என்பேன். சிரிப்பார்கள். செக் ஒவ்வொரு தடவையும் வராது.

வந்தாலும் எளிதில் வாங்க முடியாது. வெளிநாட்டுப் பணம் என்றால் எஃப்.சி.ஆர்.ஏ., அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம். 2020 திருத்தத்துக்குப் பிறகு டெல்லி ஸ்டேட் வங்கி மெயின் கிளைக் கணக்கில்தான் முதலில் வந்து சேர வேண்டும், அதில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் எந்த நாட்டில் இருந்தாலும், சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாற்றிக்கொண்டு ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடிமகனான இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) வைத்திருந்தால் ஆகும். ஆகவே நன்றி சொல்வதற்கு முன்னால், "அண்ணே, எந்த நாட்டுப் பாஸ்போர்ட்?" என்று கேட்கப் பழகிக்கொண்டேன். சிலருக்குக் கோபம் வரும். மதுரைக்காரனைப் பார்த்து இப்படிக் கேட்கலாமா என்று.

கூரைக்குக் கடைசியில் வழி விட்டது ஒரு வாத்தியார். அந்தக் கட்டடத்தில் முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவர். அவர் வகுப்பறைக்கு மேலே உள்ள உத்திரங்களை மாற்றப்போகிறோம், அறைக்கு அவர் பெயர் என்று எழுதினேன். கல்லூரி என்று கேட்டபோது பதில் போடாதவர்கள், அவர் சாக்பீஸ் எறிந்ததை நினைத்துப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். பணமும் அனுப்பினார்கள். கிழக்குப் பகுதிக் கூரை முழுக்கச் சுண்ணாம்பிலேயே முடிந்தது. ஏசி லேபும் தனியாக வந்தது, அது கிடக்கட்டும்.

மேற்குப் பகுதி பாக்கி. 1980-களில் படித்தவர்களைச் சீக்கிரம் பிடியுங்கள் என்று எனக்குப் பின்னால் வந்தவரிடம் சொல்லியிருக்கிறேன். அதற்கப்புறம் வந்தவர்களுக்குப் புது கான்கிரீட் பிளாக்கில்தான் வகுப்பு. பழைய கட்டடத்தில் அவர்கள் ஃபீஸ் மட்டும்தான் கட்டியிருக்கிறார்கள்.