மார்பில் வைத்த சிலிக்கோனும் சென்னையில் தொலைந்த பைலும்

யாழ்ப்பாணத்தில் மார்புக்குள் சிலிக்கோன் வைத்திருப்பவள் நான் ஒருத்திதான் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிற சொந்தக்காரப் பெண்கள் சிலரோடு தனியே கதைத்த பிறகுதான் அப்படியில்லை என்று விளங்கியது. அதனால் இதை எழுதுகிறேன். எந்த அளவு வைப்பது, எங்கே வெட்டுவார்கள் என்பதெல்லாம் இதில் வராது. வைத்து வருடக்கணக்கான பிறகு உள்ளே என்ன நிலைமை என்று அறிய, இங்கே இருந்துகொண்டு நான் பட்ட பாடு மட்டும்தான்.

2011இல் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் மார்பைப் பெரிதாக்க இம்பிளான்ட், அதாவது சிலிக்கோன் ஜெல் நிரப்பிய உறை, வைத்துக்கொண்டேன். அப்போது எனக்குக் கொழும்பில் வேலை. சத்திரசிகிச்சை பிசகில்லாமல் நடந்தது, முதல் சில வருடங்கள் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்புறம் பிள்ளை பிறந்தான், பால் கொடுத்தேன், உடம்பும் வைத்தது. என் சொந்தச் சதை தளர்ந்து கீழே இறங்க, இம்பிளான்ட் மட்டும் வைத்த இடத்திலேயே நின்றது. அதைக்கூடச் சட்டை தைப்பவரிடம் சொல்லிச் சமாளிக்கலாம். வலது பக்கம் இறுகத் தொடங்கியதைத்தான் சமாளிக்க முடியவில்லை. மல்லாந்து படுத்தால் இடது பக்கம் சரியும், வலது அசையாது. பிள்ளை ஓடிவந்து கட்டிப்பிடித்தால் உயிர் போகும்.

உள்ளே வைத்த பொருளைச் சுற்றி உடம்பு ஒரு தழும்புப் பையைக் கட்டிக்கொள்ளும். இது எல்லோருக்கும் நடப்பது. சிலருக்கு அந்தப் பை சுருங்கி இம்பிளான்டை நெரிக்கும். பேக்கர் அளவுகோல் என்று ஒன்றிலிருந்து நான்கு வரை தரம் பிரிக்கிறார்கள். மூன்று என்றால் பார்த்தாலே தெரியும், நான்கு என்றால் வலியும் சேரும். நான் எதில் நின்றேன் என்று சொல்லத் தேவையில்லை.

முதலில் ஒரு அரச கிளினிக்குக்குப் போனேன். துண்டு எழுதுகிற இடத்தில் இருந்தவர் நிமிர்ந்தும் பார்க்காமல் "என்ன வருத்தம்?" என்றார். மெதுவாகச் சொன்னேன். "என்னது? சத்தமாச் சொல்லுங்கோ." எனக்குப் பின்னால் வரிசையில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஓய்வுபெற்ற ரீச்சர். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே "கட்டியோ?" என்று கேட்டு, "மார்பில் கட்டி" என்று எழுதித் தந்துவிட்டார். அந்த ஒரு சொல்லால் புற்றுநோய் சந்தேகப்படுகிறவர்களின் வரிசையில் போய் இருந்தேன். மத்தியானம் கழிந்துதான் உள்ளே கூப்பிட்டார்கள். டொக்டர் நல்ல மனிசி. பார்த்துவிட்டு, "அக்கா, இது எங்கட பக்கம் இல்லை, பிளாஸ்ரிக் சேர்ஜனைப் பாருங்கோ" என்றார். ரீச்சர் மூலம் இரவுக்குள் ஒழுங்கை முழுக்க எனக்குப் புற்றுநோய். மச்சாள் ஜேர்மனியிலிருந்து அழுதுகொண்டு போன் எடுத்தாள்.

நீங்கள் போவதென்றால் ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு போங்கள். எந்த வருடம் வைத்தது, எந்தப் பக்கம் என்ன மாற்றம், அவ்வளவும் போதும். துண்டுக்காரரிடம் வாய் திறக்க வேண்டாம், தாளைத் தாதியிடம் கொடுங்கள்.

மெமோகிராம் என்ற மார்பு எக்ஸ்ரே எடுக்கிற இடத்திலும் இழுபறி. "உடைஞ்சால் நாங்கள் பொறுப்பில்லை" என்று திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். இம்பிளான்ட் உள்ளவர்களுக்கு அதைப் பின்னால் தள்ளிப் பிடித்து, சதையை மட்டும் முன்னே இழுத்து மேலதிகப் படங்கள் எடுக்கும் முறை ஒன்று உண்டு. எக்லுண்ட் முறை என்பார்கள். பெயரைச் சொன்னதும் உள்ளேயிருந்து வயதான ஒரு தொழில்நுட்பவியலாளர் எழும்பி வந்து, "அது எனக்குத் தெரியும், வாங்கோ பிள்ளை" என்றார். எடுத்தும் தந்தார்.

அப்புறம் பிளாஸ்ரிக் சேர்ஜன் ஒருவரைச் சனல் பண்ணினேன், அதாவது தனியாரில் காசு கட்டி நேரம் எடுத்துப் பார்த்தேன். அவர் கேட்ட முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொண்டேன். "என்ன கம்பனி? ஓடு வழுவழுப்போ, சொரசொரப்போ? கார்ட் எங்கே?"

ஓடு என்பது ஜெல்லைச் சுற்றியிருக்கும் வெளி உறை. கார்ட் என்று ஒன்றை அந்த மருத்துவமனை எனக்குத் தரவேயில்லை. ஒவ்வொரு இம்பிளான்டோடும் உரித்து ஒட்டக்கூடிய லேபிள்கள் வரும். கம்பனி, மொடல், தொடர் இலக்கம் எல்லாம் அதில் இருக்கும். ஒன்று பைலில் ஒட்ட, ஒன்று நோயாளியிடம் கொடுக்க. என் கையில் இருந்தது டிஸ்சார்ஜ் தாள் மட்டும். அதில் "சிலிக்கோன் ஜெல், இரு பக்கம், 275 சிசி" என்பதைத் தவிர எதுவும் இல்லை.

கம்பனி தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று நானும் அவரிடம் கேட்டேன். பிரான்சில் பிஐபி என்ற கம்பனி மருத்துவத்துக்கு அனுமதியில்லாத மலிவான தொழிற்சாலைச் சிலிக்கோனை நிரப்பி உலகம் முழுக்க விற்று, 2010இல் பிடிபட்டது. அதன் நிறுவனர் 2013இல் சிறைத்தண்டனை பெற்றார். அப்புறம் 2019இல் அலர்கன் கம்பனி தன் பயோசெல் என்ற சொரசொரப்பு ஓட்டு வகையை உலகெங்குமிருந்து திரும்பப் பெற்றது. லிம்போமா எனும் நிணநீர்ப் புற்றுநோயின் அபூர்வமான ஒருவகையோடு அதற்குத் தொடர்பு தெரிய வந்ததே காரணம். வைத்துப் பல வருடம் கழித்து ஒரு பக்கம் திடீரென்று நீர் கட்டி வீங்குவதுதான் அதன் வழக்கமான அறிகுறி. அறிகுறி இல்லாதவர்கள் பயந்துபோய் உடனே எடுக்கத் தேவையில்லை என்பதுதான் மருந்துகளையும் மருத்துவச் சாதனங்களையும் கண்காணிக்கும் அமெரிக்க எஃப்டிஏயின் ஆலோசனையும். ஆனால் உள்ளே இருப்பது எது என்றே தெரியாதவளுக்கு அந்த ஆறுதல் எப்படிப் போதும்?

சென்னைக்குப் போன் எடுத்தேன். மாற்றி மாற்றி இணைப்புக் கொடுத்து, கடைசியில் ரெக்கார்ட் பகுதிப் பெண் வந்தார். "மேடம், மூணு வருஷத்துக்கு மேல நாங்க வைக்கிறதில்ல." அவர் சொன்னது பொய்யில்லை. உள்நோயாளியின் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதி சொல்கிறது. அந்த மூன்று வருடத்துக்குள் ஒரு மின்னஞ்சல் போட்டிருந்தால் எல்லாம் கையில் இருந்திருக்கும் என்று எவர் எனக்குச் சொன்னார்? ஆயுள் முழுக்கக் கவலையில்லை என்றுதான் சொல்லி அனுப்பினார்கள். செய்த டொக்டரும் அங்கே இல்லை. எங்கே போனார் என்று சொல்லவும் மாட்டார்களாம்.

நேரில் போனால் இரங்குவார்கள் என்று யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு விமானம் ஏறினேன். இப்போது அது ஒன்றுதான் சுகம், கொழும்புக்கு இரவு பஸ்ஸில் முதுகு முறிய வேண்டியதில்லை. மருத்துவமனையில் அதே பெண், அதே பதில், கூடவே ஒரு சிரிப்பு. வீண் பயணம் என்றுதான் வளசரவாக்கத்தில் மாமி வீட்டுக்குத் திரும்பினேன். 2011இலும் அங்கேதான் தங்கியிருந்தேன். மாமி கேட்டார், "பிள்ளை, பில் இருந்தால் காணாதே? மருந்துக்கடை பில்லெல்லாம் நான் எறியிறேல்லையே."

மாமியின் அலுமாரியின் அடித்தட்டில், காஸ் புத்தகத்துக்கும் ரேஷன் கார்டுக்கும் இடையில் கிடந்தது. மருத்துவமனைக்குள்ளேயே இருக்கும் பார்மசியின் பில். கையுறை, தையல் நூல், அன்டிபயோட்டிக், நடுவில் இரண்டு வரி இம்பிளான்ட். கம்பனிப் பெயரின் சுருக்கம், மொடல் எண், பட்ச் இலக்கம் மூன்றும் அச்சாகியிருந்தன. மை மங்கவில்லை. மாமியைத் தூக்கிச் சுற்றாத குறை. மொடல் எண்ணைத் தேடிப் பார்த்தோம். வழுவழுப்பு ஓடு, திரும்பப் பெற்ற பட்டியலில் இல்லை. அன்றிரவு மாமியின் புட்டையும் கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பையும் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

யாழ்ப்பாணம் வந்ததும் அல்ட்ராசவுண்ட் எடுத்தேன். ஸ்கான் டொக்டர் வலது பக்கத்தைவிட இடது பக்கத்திலேயே அதிக நேரம் நின்றார். "இதில மடிப்பு மாதிரி ஏதோ தெரியுது, எம்ஆர்ஐ எடுத்தால்தான் சொல்லலாம்." இடது பக்கம்தான் எனக்கு நல்ல பக்கம்! வலியில்லை, மெத்தென்று இருக்கிறது. இவர் பக்கம் மாறிப் பார்க்கிறாரோ என்று யோசித்தேன்.

எம்ஆர்ஐக்கு முதலில் போன இடத்தில் காசைக் கட்டி, உடுப்பு மாற்றி, அந்தப் பச்சை அங்கியோடு குளிரில் இருந்த பிறகு வந்து சொல்கிறார்கள், படம் பிடிக்க உடம்போடு ஒட்டி வைக்கும் கருவியான கொயில், மார்புக்கானது தங்களிடம் இல்லையாம். முழங்காலுக்கு இருக்கிறதாம். மார்பைத் தொங்கவிட்டுக் குப்புறப் படுக்கிற மாதிரி தனிக் கொயில் வேண்டும். போனிலேயே "பிரெஸ்ட் கொயில் இருக்கிறதா?" என்று கேளுங்கள். "எம்ஆர்ஐ இருக்கிறதா?" என்று கேட்டால் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். கட்டிய காசைத் திருப்பி வாங்குவதற்குள் எனக்கு நரை கூடிவிட்டது.

கொழும்பில் எடுத்தேன். அங்கே கவுண்டரில் படம் தெளிவாகத் தெரிய ஏற்றும் ஊசி மருந்துக்கும் சேர்த்துப் பில் போட்டார்கள். இம்பிளான்ட் கிழிந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்க அந்த ஊசி தேவையில்லை, புற்றுநோய் தேடும்போதுதான் அது. யாழ்ப்பாண டொக்டர் இதை முன்கூட்டியே சொல்லி, கோரிக்கைத் தாளிலும் "கிழிவு உண்டா என்று பார்க்க" என்று தெளிவாக எழுதியிருந்தார். அதைக் காட்டியதும் பில் இறங்கியது. சின்ன வெற்றிதான், ஆனால் அந்த மாதத்தில் எனக்குக் கிடைத்த ஒரே வெற்றி.

ரிப்போட் வந்தது. கல்லாக இறுகிய வலது பக்கத்தில் ஓடு பழுதில்லாமல் இருக்கிறது. மெத்தென்று இருந்த இடது பக்கம்தான் கிழிந்திருந்தது. ஓடு உடைந்து ஜெல்லுக்குள் இடியப்பச் சிக்குப் போல மடிந்து கிடந்ததைப் படத்திலேயே காட்டினார்கள். தழும்புப் பை மட்டும் ஜெல்லை வெளியே விடாமல் பிடித்து வைத்திருந்தது. உப்புநீர் இம்பிளான்ட் என்றால் உடைந்ததும் வற்றிக் காட்டிக்கொடுத்துவிடும். சிலிக்கோன் சத்தமே இல்லாமல் கிழியும். வைத்து ஐந்து, ஆறு வருடத்தில் ஒரு முறையும், அதன்பின் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறையும் அறிகுறி இல்லாவிட்டாலும் அல்ட்ராசவுண்டோ எம்ஆர்ஐயோ எடுத்துப் பார்க்கச் சொல்கிறது எஃப்டிஏ. இம்பிளான்ட் ஆயுள் முழுக்க நிற்கும் சாதனம் அல்ல என்றும், அழகுக்காக வைத்துக்கொண்டவர்களில் ஐந்தில் ஒருவர்வரை பத்து வருடத்துக்குள் எடுக்க நேரலாம் என்றும் அதுவே சொல்லியிருக்கிறது. "பத்து வருடத்தில் கட்டாயம் மாற்ற வேண்டும்" என்று எங்கள் பெண்கள் சொல்வதும் சரியில்லை. அப்படிக் காலாவதித் திகதி எதுவும் கிடையாது. நன்றாக இருந்தால் விட்டுவிடலாம். நன்றாக இருக்கிறதா என்பதை மட்டும் தொட்டுப் பார்த்து முடிவுகட்ட வேண்டாம்.

இரண்டையும் எடுத்துவிட்டேன், தழும்புப் பையோடு. புதிதாக வைக்கவில்லை. ஆறியது, தோல் தொங்குகிறது, பழகிவிட்டது. எடுப்பதற்கு முன் டொக்டரிடம் இரண்டு விஷயம் கேட்டு வாங்கினேன். பையைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், நீர் இருந்தால் அதையும் வீசாமல், அந்த லிம்போமாவைத் தேட உதவும் சிடி30 என்ற அடையாளம் இருக்கிறதா என்று பார்க்க அனுப்ப வேண்டும். இரண்டும் செய்தார், ஒன்றும் இல்லை என்று வந்தது. கழற்றிய இம்பிளான்டுகளையும் கேட்டு வாங்கி வைத்தேன்.

அதற்குக் காரணம் இருக்கிறது. பெரிய கம்பனிகள் பல, ஓடு கிழிந்தால் புதிய இம்பிளான்டை இலவசமாகத் தரும் உத்தரவாதம் வைத்திருக்கின்றன. கழற்றியதை அனுப்ப வேண்டும். சத்திரசிகிச்சைச் செலவுக்கு உதவி பெரும்பாலும் பத்து வருடத்தோடு முடிந்துவிடும். பட்ச் இலக்கத்தோடு எழுதிப் பார்த்தேன். புதியது தரலாம், செலவு தர முடியாது, அதற்கும் முதலில் சத்திரசிகிச்சை செய்த டொக்டரின் கையெழுத்தோடு ஒரு படிவம் வேண்டும் என்று மரியாதையாகப் பதில் வந்தது. அவர் எங்கே என்று சென்னையில் அந்த ரெக்கார்ட் பெண்ணிடம்தான் கேட்க வேண்டும். கேட்கவில்லை. இன்னொரு சோடி எனக்கு எதற்கு?